ஒல்லாந்தர் தூணும் என்ர சிவப்புப் பேனையும்

போன வருஷம் ஆடி மாதம், கச்சான் காத்து விடாம அடிச்சுக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். திருகோணமலை டவுனில, எங்கட வீட்டு முன் அறையில, மடிக்கணினிக்கு முன்னால இருந்தனான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது பொய்யெண்டு நிரூபிக்கத்தான் அந்தக் கதிரையில குந்தினனான். எழும்பேக்க நிரூபிச்சது வேற ஒண்டை.

நான் இருபத்திரண்டு வருஷமா வரலாறு படிப்பிக்கிறன். கொஞ்சம் மண்டைக்கனம் பிடிச்ச ஆள்தான், மறைச்சு என்ன செய்ய. இணையத்தை வச்சுப் படிப்பிக்கிறதில எங்கட பக்கத்தில முதல் ஆள் நான்தான் எண்டு ஒரு நினைப்பு. பழைய வரைபடம், கோட்டைப் படம், காணொளி எண்டு தேடியெடுத்து வகுப்புச் சுவரில விழுத்திக் காட்டுவன். "புத்தகத்தில மட்டும் தொங்காதேங்கோ, தேடிப் பாருங்கோ" எண்டு சொல்லிச் சொல்லியே பிள்ளையளின்ர காதைத் துளைச்சுப் போட்டன்.

அதாலதான் கல்வி வலய மட்டத்தில நடந்த வரலாற்றுச் செயற்றிட்டப் போட்டிக்கு என்னைத் தலைமை நடுவராப் போட்டவை. எங்கள் ஊரின் வரலாற்றில் ஓர் அடையாளம், இதுதான் தலைப்பு. முதலாவதா வாற பிள்ளை மாகாணப் போட்டிக்குப் போகலாம்.

வந்த கட்டுகளுக்குள்ள நிலாவெளிக்கு அங்கால இறக்கக்கண்டி எண்ட கடற்கரை ஊர்ப் பொம்பிளைப் பிள்ளை ஒண்டின்ர கொப்பியும் இருந்தது. தரம் பத்து. கையெழுத்திலயே ஏழு பக்கம். அங்க கடற்கரையில, இரும்பு வளையம் பதிச்ச ஒரு கல் தூண் நிக்குது. உப்புக் காத்து அரிச்சு, சிப்பி ஒட்டி, பாத்தா முந்நூறு வருஷம் பழசு மாதிரி இருக்கும். ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், தங்கட கப்பலைக் கயித்தால கட்டி வச்ச தூண் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். இந்தப் பிள்ளை மட்டும், இல்லை, அது சுனாமிக்குப் பிறகு தன்ர வாப்பாவும் இன்னும் அஞ்சு பேரும் கட்டினதெண்டு எழுதியிருந்தா. ஆறு குடும்பத்துக்கு ஒரு தோணிதான் கிடைச்சதாம். அதைக் கட்டி வைக்க ஒண்டும் மிஞ்சாததால, இடிஞ்ச தங்கட வீட்டுக் கல்லுகளைப் பொறுக்கி, சீமெந்து குழைச்சு எழுப்பினவையாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒல்லாந்தர் கதை எனக்கு நல்லாத் தெரியும், எங்கயோ படிச்சனான். எங்க எண்டுதான் ஞாபகம் வரேல்லை. ஃபோனில தேடினன், அஞ்சு பக்கம் வந்து விழுந்தது, அஞ்சும் ஒல்லாந்தர் எண்டுது. பிள்ளையின்ர கொப்பியில ஒரு இணைய இணைப்புக்கூட இல்லை. ரெண்டு பக்கத்துக்கு மேல நான் வாசிக்கவும் இல்லை. சிவப்புப் பேனையால "ஆதாரமற்ற கட்டுக்கதை. இணையத்தில் தேடிப் பார்க்கவும்" எண்டு எழுதி, நூற்றுக்கு இருபத்தெட்டுப் போட்டன். மற்ற ரெண்டு நடுவரும் என்ர புள்ளியைப் பாத்துத்தான் தங்கட புள்ளியைப் போட்டவை.

அந்தப் பிள்ளையின்ர வகுப்பு ரீச்சர் விடேல்லை, மேன்முறையீடு போட்டிட்டா. மாகாணத்துக்குப் போற பட்டியல் திங்கட்கிழமை அனுப்ப வேணும், அதுக்கு முதல் ஆதாரத்தோட விளக்கம் எழுதித் தாங்கோ எண்டு வலயக் கல்வி அலுவலகத்திலயிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வந்ததே கோபம். என்னட்டையே ஆதாரம் கேக்கினமோ? சரி, மூஞ்சியில அடிச்ச மாதிரிக் குடுப்பம் எண்டு, அந்த அஞ்சு பக்கத்தையும் அச்செடுக்கத்தான் மடிக்கணினியைத் திறந்தனான்.

முதலாவது, சுற்றுலாக்காரருக்கு எழுதின பக்கம். அடியில, இன்னொரு பக்கத்திலயிருந்து எடுத்ததெண்டு போட்டிருந்தது. அந்தப் பக்கத்துக்குப் போனன், அதே வசனங்கள், ஒரு சொல் மாறேல்லை. மூண்டாவதும் அப்பிடித்தான். அஞ்சு பேர் சொன்ன சாட்சி எண்டு நான் நினைச்சது, ஒரு ஆள் சொன்னதை மற்ற நாலு பேரும் பாத்து எழுதினது. கடைசியில எல்லாம் ஒரு காணொளியில போய் முட்டிச்சுது. ஏதோ ஒரு ரியூஷன் சனல் ஏத்தினது. பேர் இல்லை, முகம் இல்லை, தூணின்ர படமும் பின்னணியில வீணையும்தான். அமத்தினன்.

"பிள்ளையள், வடிவாக் கேளுங்கோ..." எண்டு தொடங்கிச்சுது.

குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்ட என்ர மனுசி எட்டிப் பாத்தா. "என்னப்பா, உங்கட பழைய பாடத்தை இப்ப ஏன் கேக்கிறியள்?"

காணொளியைத் திரும்ப முதல்லயிருந்து போட்டன். என்ர குரல். கொரோனாவில பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கேக்க, தரம் ஆறுப் பிள்ளையளுக்கு வட்ஸ்அப்பில அனுப்பின பாடம் அது. ஆரோ எடுத்து, பேரை வெட்டிப்போட்டு ஏத்தியிருக்கினம். "ஒல்லாந்தர் தங்கட கப்பலைக் கட்டின தூண் இது" எண்டு அந்தக் குரல் ஒரு தடுமாற்றமும் இல்லாமச் சொல்லிச்சுது. நேர நிண்டு பாத்தவன் மாதிரி.

அப்பத்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. ஒருநாள் குடும்பத்தோட நிலாவெளிப் பக்கம் போகேக்க, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி இறங்கி அந்தத் தூணைப் படம் எடுத்தனான். ஒரு பக்கத்தைத்தான் எடுத்தனான். பின்னால சுத்திப் பாக்கேல்லை. இருபது அடி தள்ளி ஒரு மனுசன் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்தவர், அவரிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை. பாடத்துக்கு ஒரு உள்ளூர் உதாரணம் தேவைப்பட்டுது, ஒல்லாந்தர் எண்டா பிள்ளையளுக்கு நல்லா இருக்கும் எண்டு நானே சொல்லிப்போட்டன். பிறகு அதே பொய் ஊர் சுத்தி, அஞ்சு இடத்தில உடுப்பு மாத்திக்கொண்டு, எனக்கே ஆதாரமா வந்து நிண்டுது. கட்டுக்கதை எண்டு ஆரைப் பாத்து எழுதினனான் நான்?

அடுத்த நாள் விடிய, கொப்பியையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில இறக்கக்கண்டிக்குப் போனன். பிள்ளையின்ர வீட்டைத் தேடிப் பிடிச்சா, வாப்பா கடலால அப்பத்தான் வந்து நிக்கிறார். நான் ஆரெண்டு சொன்னதும் அவருக்கு விளங்கிட்டுது. கோபிப்பார் எண்டு பாத்தன்.

"வெயிலுக்கு முந்தி வாங்க சேர், காட்டுறன்" எண்டு கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையும் பின்னால வந்தா.

தூணின்ர கடல் பக்கம் நான் ஒருநாளும் பாக்காத பக்கம். அங்க கல்லுக்கு நடுவில, உள்ளங்கை அகலத்தில, நீல நிறம் பூசின சுவர்த் துண்டொண்டு பதிஞ்சு கிடந்தது.

"இது எங்கட முன் ரூம் சுவர். மூத்த மகள்ட உயரத்தை இதிலதான் கோடு போட்டு அளப்பம்" எண்டார். பிறகு என்னைப் பாத்தார். "இவ நாலாம் பக்கத்தில எழுதியிருந்தாவே சேர். வாசிக்கல்லியா?"

அந்த இடத்திலயே கொப்பியைத் திறந்து நாலாம் பக்கத்தை வாசிச்சன். மூத்த மகள் அலையோட போனவ. ஏழு வயசு. இந்தப் பிள்ளை அக்காவைக் கண்டதே இல்லை. அவவின்ர கோடு இருந்த சுவரெண்டு வாப்பா தேடியெடுத்த துண்டு அது. கடலைப் பாத்த பக்கமா அவரே வச்சவர். அந்தக் கொப்பியின்ர முதல் பக்கத்திலதான் என்ர சிவப்பு எழுத்து.

அழுதன். அம்பது வயசுக்காரன், கடற்கரையில நிண்டு அழுதன். வெக்கமா இருந்தாலும் சொல்லத்தானே வேணும். பிறகு அந்தப் பிள்ளையிட்ட, இணையத்தில ஒல்லாந்தர் கதை சொல்லுற காணொளியில கதைக்கிறது நான்தான், கட்டுக்கதை சொன்னது நான்தான் எண்டு ஒரு மாதிரிச் சொல்லி முடிச்சன்.

அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னா. "தெரியும் சேர். உங்கட குரல்தானே. தரம் ஆறில எங்கட வட்ஸ்அப் குறூப்புக்கும் உங்கட பேரோட வந்த அந்தப் பாடத்தக் கேட்டிட்டுத்தான் வாப்பாக்கிட்டப் போய்க் கேட்டன்."

தெரியுமெண்டா, பிழையான காணொளி இதுதான் எண்டு இணைப்பைப் போட்டிருக்கலாமே, ஏன் போடேல்லை எண்டு கேட்டன். ஆதாரம் இல்லையெண்டுதானே நான் புள்ளியை வெட்டினனான்.

"நீங்கதான் நடுவர் எண்டு ரீச்சர் சொன்னாங்க. மத்த சேர்மார் பாத்தா உங்களுக்கு வெக்கமாப் போயிருமே" எண்டா.

அதிலதான் நான் உடைஞ்சு போனன். என்ர மானத்தைக் காப்பாத்த அவ இணைப்புப் போடாம வெறுமையா விட்ட இடத்தைப் பாத்துத்தான் நான் அவவைப் பொய்க்காரி ஆக்கினனான்.

திங்கட்கிழமை காலமை மற்ற நடுவர்மாருக்கு முன்னால எல்லாத்தையும் சொன்னன். ஒராள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார், சிரிக்கட்டும். ஏழு பக்கத்தையும் மூண்டு பேரும் இருந்து வாசிச்சுத் திரும்பப் புள்ளி போட்டம். அவதான் முதலாவது. அதோட அவவின்ர கொப்பியில, இந்த ஒல்லாந்தர் கதையை உண்டாக்கினது நான், இதுக்கு வேற ஆதாரம் இல்லை எண்டு என்ர பேரும் கையெழுத்தும் போட்ட கடிதமொண்டை ஒட்டிவிட்டன். அது தேவைப்பட்டுது. மாகாணத்தில இருந்த நடுவரும், இணையத்தில வேற மாதிரி இருக்கே பிள்ளை எண்டுதான் முதல் கேட்டவராம். கடிதத்தைக் காட்டியிருக்கிறா. ரெண்டாம் இடம் கிடைச்சுது.

அந்த அஞ்சு பக்கக்காரருக்கும், காணொளி ஏத்தினவைக்கும் எழுதினன். ரெண்டு பேர் அழிச்சிட்டினம், மற்றவை பதிலே போடேல்லை. நீலச் சுவர்த் துண்டைக் காட்டிப் புதுக் காணொளி ஒண்டு நானும் போட்டிருக்கிறன், பாத்த ஆக்களை விரல் விட்டு எண்ணலாம். இண்டைக்கும் அந்தத் தூணைத் தேடினா என்ர பொய்தான் முதல்ல வருது.

இப்பவும் இணையத்தை வச்சுத்தான் படிப்பிக்கிறன், அதை விட ஏலாது. ஆனா ஒரு பிள்ளை அதுக்கு மாறா எழுதிக்கொண்டு வந்தா, சிவப்புப் பேனையை எடுக்க முதல் மோட்டார் சைக்கிள் சாவியை எடுக்கிறனான்.