பெரிய ஜெட் பம்பும் வெள்ளிக்கிழமையும்

வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரம். இன்று தண்ணீர் பாயாவிட்டால் பருப்பில்லாத பொக்குதான் மிஞ்சும்.

வல்லத்தில் இருக்கும் எங்கள் கிணற்றில் பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிய ஜெட் பம்பை மாட்டி முடித்தார் மெக்கானிக் பாய். "சுவிட்ச போடுண்ணே."

"இரு பாய், வெள்ளிக்கிழம. பன்னண்டு வரைக்கும் ராகு காலம்," என்றார் என் நைனா, கையில் எலுமிச்சம்பழத்தோடு.

"பன்னண்டுக்குத்தான் கரண்ட்டயும் நிறுத்துவான். அப்பால நாளைக்குத்தான்!"

நைனா அசையவில்லை. நான் வாடிய செடிகளையும் டிரான்சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

டிரான்சிஸ்டரில் பன்னிரண்டு சொன்னதும் சூடம் காட்டி, பழத்தை நசுக்கி, சுவிட்சைப் போட்டார். பம்ப் ஒரு தரம் உறுமியது. குழாய் வாயில் கொஞ்சம் நுரை எட்டிப் பார்த்தது.

கரண்ட் போய்விட்டது.

"நல்ல வேள, ராகு காலத்துல போடல," என்றார் நைனா.

கரண்ட்டுக்கு நல்ல நேரம் குறித்துத் தரும் ஜோசியர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.