பிலோமினா தொட்டிக்குள் இறங்கினாள்

பேராமையைத் தரையில் வைப்பதென்றால் மல்லாக்கப் புரட்டித்தான் வைக்க வேண்டும். பிலோமினாவின் ஊரான கீழவைப்பாரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. குடையை மடக்கி மூலையில் சாத்துவதுபோலக் கைக்குத் தானாக வருகிற காரியம். வலையில் அகப்பட்ட ஆமை வள்ளத்தை விட்டு இறக்கியதும் மல்லாக்கக் கிடக்கும். துடுப்பை அடித்துக்கொண்டே கிடக்கும், எங்கும் ஓடாது.

அதனால்தான் பயிற்சியின் முதல் வாரத்தில், "தொட்டி கழுவணும், ஆமையை வெளிய எடுத்து வைங்க" என்று உத்தரவு வந்தபோது பிலோமினா யோசிக்கவே இல்லை. உடன் பயிற்சிக்கு வந்திருந்த ஜெபசிங் ஒரு பக்கம் பிடிக்க, இன்னொரு பக்கம் தான் பிடித்துத் தூக்கி சிமெண்டுத் தரையில் வைத்தாள். வைத்த கையோடு ஓட்டின் விளிம்பைப் பிடித்து ஒரே நெம்பில் புரட்டியும் விட்டாள்.

தேவபிரசாதம் சார் அறையிலிருந்து ஓடி வந்தார். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இருந்த அந்த ஆய்வு நிலையத்துக்கும் அதன் சிறிய கடல்வாழ் உயிரினக் காட்சிசாலைக்கும் அவர்தான் பொறுப்பு. நாசரேத்துக்காரர். சட்டை கசங்காத மனிதர்.

"ஏம்மா, இது என்ன கசாப்புக் கடையா? மல்லாக்கப் போட்டா அதோட குடல் முச்சூடும் நுரையீரல் மேல இறங்கும். மூச்சு முட்டும். பி.எஸ்சி. சுவாலஜி படிச்சவதானா நீ?"

படித்தவள்தான். ஆமைக்கு நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருக்கிறது என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள். அந்தப் படமும், ஊர்ப் படகுத்துறையில் மல்லாக்கக் கிடந்து பெருமூச்சு விட்ட ஆமைகளும் அவள் மண்டைக்குள் வேறு வேறு அறையில் இருந்திருக்கின்றன. நடுவில் ஒரு கதவு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று முதல் ஜெபசிங் அவளுக்கு வைத்த பெயர் கசாப்பு. "என்னம்மா கசாப்பு, இன்னைக்கு யாரை அறுக்கப் போற?" என்பான். சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவன் தாத்தாவே காலேஜ் முடித்தவராம்.

பிலோமினாவின் வீட்டில் அவள்தான் முதல் பட்டம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா அல்போன்சா கருவாடு விற்கிறவள். கல்லூரியில் பாடம் நடத்திய கன்னியாஸ்திரி ஒருத்தி, "விலங்குகளின் நடத்தையைப் பற்றிப் பயிற்சி தருகிறார்கள், போய்ப் பார்" என்று அனுப்பி வைத்தாள். "மீனுக்கும் ஆமைக்கும் நடத்தை பாக்கதுக்கு ஒரு படிப்பா? எங்ககிட்ட கேட்டா நாங்க சொல்ல மாட்டோமா?" என்று சிரித்தாள் அல்போன்சா. பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்தால் சென்னையிலோ வேறெங்கோ ஒரு விலங்குக் காட்சிசாலையில் வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் பட்டம் சுவரில் தொங்கும், அவள் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்காருவாள். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கசாப்பு என்ற பெயருக்குப் பதிலடியாக அவள் ஒரு பழைய லாரி டயரைத் தேடிக் கொண்டுவந்தாள். அடுத்த முறை தொட்டி கழுவும்போது ஆமையை அதன்மேல் குப்புற இருத்தி, முதுகில் ஈரச் சாக்கைப் போர்த்தினாள். சார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அகராதியில் அது பாராட்டு.

அந்த ஆமைக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. தொட்டியின் கிழக்குச் சுவரில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே நீந்தும். நாள் முழுக்கத் தேய்க்கும். மூக்கு நுனி வெள்ளையாகி, பிறகு சிவந்து, புண்ணாகிவிட்டது.

"கடல் அந்தப் பக்கம்தான இருக்கு. வீட்டு ஞாபகம்" என்றான் ஜெபசிங்.

பிலோமினாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகமும் வந்தது. பார், விளக்கம் சொல்லாதே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மறுபடியும் பார் என்பதுதான் சார் கற்றுக்கொடுத்த பாடம். அவள் கிழக்குச் சுவரில் சாக்கைத் தொங்கவிட்டாள். தேய்ப்பது குறைந்தது, நிற்கவில்லை. சாக்கை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரை மேற்கே மாற்றினாள். இரண்டு நாள் ஆமை நடுத்தொட்டியில் நீந்தியது. பிலோமினாவுக்குச் சிரிப்பு கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அது பழைய சுவருக்கே போனது. இன்னும் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரம் அது. எழுபத்தேழாம் வருஷம். ஆமை இரை எடுப்பதை நிறுத்தியது. சார் இரண்டு பயிற்சியாளர்களையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த ஆமையை கண்டெம் பண்ணிட்டேன், இனி உதவாதுன்னு எழுதியாச்சு. நாளைக்குக் காலையில ஆள் வந்து எடுத்துக்கிடுவாங்க."

"யார் சார் எடுப்பா?" என்றாள் பிலோமினா.

சார் பேனாவை மூடினார். "உப்பளத்து ஞானையா அண்ணாச்சி. அவருக்க மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தமே இல்ல. ஆமை ரத்தம் குடிச்சா ஊறும்னு சொல்லுதாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா எப்படியும் சாகப்போற உயிர். சும்மா புதைக்கதுக்குப் பதிலா ஒரு பிள்ளைக்காவது உதவட்டும்."

"கடல்ல விட்டுரலாமே சார்."

"விடதுக்கு மேலிடத்து அனுமதி வேணும். எழுதிப்போட்டு அது வரதுக்குள்ள செத்துரும். கண்டெம் பண்ண என் கையெழுத்துப் போதும்."

"குழாயை மாத்துனப்ப ரெண்டு நாள் தேய்க்கல சார். இன்னும் கொஞ்ச நாள் பாத்தா..."

"பயிற்சிக்கு வந்தவ பாக்கணும். முடிவெடுக்கது உன் வேலையில்ல."

அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது பிலோமினா தன்னோடு தானே சண்டை போட்டாள். அவளே குடித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த வருஷம், துறையில் அறுத்த ஆமையின் ரத்தத்தைச் சூடு ஆறுமுன் டம்ளரில் பிடித்து, மூக்கைப் பொத்தி அம்மா புகட்டினாள். உடம்பு தேறியது. அதே மாதம் பள்ளிக் கன்னியாஸ்திரிகள் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். எது தேற்றியது? இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் யார் கண்டது? அந்த உப்பளத்துப் பெண்ணின் வெளுத்த முகத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தின்ற ஆமைக்கறியின் ருசியும் நாக்கில் இருந்தது. ஆயிரம் ஆமையைத் தின்ற வீட்டுப் பிள்ளை ஓர் ஆமைக்காக வக்காலத்து வாங்கினால் அது நியாயமா, நடிப்பா? வேம்பார் ரோடு திரும்புமட்டும் விடை வரவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பாதிக் கேள்வியில் எழுந்து போகச் சொல்கிறார்கள். அவள் எழுந்து போகப் போவதில்லை.

மறுநாள் காலை அவள் நிலையத்துக்குள் நுழைந்தபோது தள்ளுவண்டி வாசலில் நின்றது. ஆமை அறுக்கிற துறையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அம்மாவின் தம்பி, சிலுவை மாமா. இன்னொருவர் மாமாவின் கூட்டாளி ஜேசுபாதம். சார் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஜேசுபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாரானார்.

பிலோமினா செருப்பைக் கழற்றினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியில் கால் வைத்துத் தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். தண்ணீர் மார்பளவு இருந்தது. ஆமை அவள் இடுப்பை உரசிக்கொண்டு தன் சுவரைத் தேடிப் போனது.

"ஏளா, நீயா?" என்றார் சிலுவை மாமா. "சீலையோட குளிக்கதுக்கா ஒன்னைய அக்கா படிக்க வச்சா? ஏறி வா."

"வர மாட்டேன் மாமா."

ஜேசுபாதம் ஏணியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார். பொம்பளைப் பிள்ளை ஈரச் சேலையோடு நிற்கிற தண்ணீரில் எந்த ஆண்பிள்ளை இறங்குவான்? அதுவும் கூட்டாளியின் மருமகள்.

"பிலோமினா, வெளிய வா. இது டிசிப்ளின் விஷயம்" என்றார் சார். பிறகு சிலுவையைப் பார்த்தார். "மடையைத் திறந்து விடுங்க. தண்ணி வடிஞ்சா தானா வருவா."

தண்ணீர் வடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. தரை தட்டிய ஆமையைப் புரட்ட ஒரு நெம்பு போதும் என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? சாக்கு, குழாய், நுரையீரல் என்று அவளிடம் இருந்த படிப்பையெல்லாம் நேற்றே சாரிடம் சொல்லியாகிவிட்டது. அதற்கு வெளியே கையில் வேறென்ன இருக்கிறது? அப்போதுதான் அது வாயில் வந்தது.

"மாதாவே! இந்த ஆமைய ஒமக்கு நேர்ந்துவிடுதேன்!"

தொட்டியே எதிரொலித்தது. மடையின் பக்கம் போன சிலுவை மாமா நின்றுவிட்டார்.

ஆட்டையும் கோழியையும் நேர்ந்துவிடுவார்கள். நேர்ந்துவிட்ட கோழி அடுத்தவன் நெல்லைத் தின்றாலும் கல்லெறிய மாட்டார்கள். நேர்ச்சையில் கை வைத்தவன் வலை வெறும் வலையாகத்தான் திரும்பும் என்பது துறையில் எல்லாருக்கும் பயம். ஆனால் ஆமையை எவரும் நேர்ந்ததாக அவளுக்கே தெரியாது.

"ஆமையப் போயி எவளாவது நேருவாளா?" என்றார் ஜேசுபாதம்.

"நேரக்கூடாதுன்னு பங்குச் சாமி சொன்னாரா?"

"சொல்லல. ஆனா..."

"பின்ன?"

சிலுவை மாமா தாடையைச் சொறிந்தார். "அடுத்தவன் ஆட்டை நேர முடியுமா? இது ஒனக்க ஆமையா?"

"சார் கண்டெம் பண்ணியாச்சு மாமா. ஆபீசுக்கு வேண்டாம்னு எழுதியாச்சு. இப்ப இது எவனுக்கும் சொந்தமில்ல. வேணும்னா அவருட்டயே கேளுங்க."

இருவரும் சாரைப் பார்த்தார்கள். சார் முகம் சிவந்துவிட்டது.

"என்ன கூத்து இது? ஆய்வு நிலையத்துல வந்து மாதாவுக்கு நேர்ச்சையா? நீ சயின்ஸ் படிச்சவளா, இல்ல..."

"சயின்ஸ் நேத்து சொன்னேன். நீங்க கேக்கல சார்."

சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது. மாதாவை ஏமாற்றுகிறேனா, மாமாவை ஏமாற்றுகிறேனா, என்னையேவா? நம்பிக்கை இல்லாமல் சொன்ன நேர்ச்சை செல்லுமா? ஆமையின் ஓடு முழங்காலில் வந்து இடித்தது. செல்லட்டும் என்று நினைத்தாள். செல்லாவிட்டால் நானே செல்லுபடியாக்குகிறேன்.

"நாளைக்கு எங்களுக்குக் கடலுக்குப் போணும் சார்" என்றார் சிலுவை மாமா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "வம்பு வேண்டாம். நாங்க தொட மாட்டோம்."

"அண்ணாச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"மாதாவுக்குப் போயிட்டுன்னு சொல்லுங்க. அவரு அவகிட்ட கேட்டுக்கிடட்டும்."

சார் ஜெபசிங் பக்கம் திரும்பினார். "ஏலே ஜெபசிங், நம்ம சபையில மாதாவுக்கு ஏது நேர்ச்சை? நீ இறங்கு. அந்தப் பிள்ளையை வெளிய கொண்டா. பிறகு ஆமையைப் பாப்போம்."

ஜெபசிங் தொட்டியை எட்டிப் பார்த்தான். தண்ணீர் பிலோமினாவின் மார்பளவு. அவன் அவளைவிட ஒரு சாண் உயரம்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்" என்றான்.

ஜேசுபாதம் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். சிலுவை மாமாவுக்கும் தாங்கவில்லை. சார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படியும் போங்க. இவளுக்குச் சர்டிபிகேட் கிடையாது. அது மட்டும் நிச்சயம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவு சாத்திய சத்தம் தொட்டிக்குள் வரை கேட்டது. சான்றிதழ் என்பது சென்னை, சம்பளம், கருவாட்டுக் கூடையிலிருந்து விடுதலை. அத்தனையையும் ஒரு புண் மூக்கு ஆமைக்குக் கொடுத்தாயிற்று.

"நேர்ந்தா மட்டும் போதாது பாத்துக்க" என்றார் மாமா. "கொடி இறங்கதுக்குள்ள நெறவேத்தணும். இல்லைன்னா பாவம் ஒனக்கு."

"இப்பவே நெறவேத்துவோம் மாமா. தூக்குங்க."

"தொட மாட்டேன்னு இப்பதானளா சொன்னேன்?"

"அறுக்கதுக்குத் தொடக்கூடாது. விடதுக்குத் தொடலாம்."

"இதுவும் நீயா உண்டாக்குன சட்டந்தானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா கீழே கையை நீட்டினார். தொட்டிக்குள்ளிருந்து அவள் தள்ளினாள், மேலேயிருந்து மாமாவும் ஜேசுபாதமும் ஜெபசிங்கும் இழுத்தார்கள். வண்டியில் அதைக் குப்புற வைத்துப் பிடித்துக்கொள்வதற்குள் நான்கு பேருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆமை துடுப்பால் அடித்து ஜெபசிங்கின் கண்ணாடியைத் தெறிக்க வைத்தது. "நன்றி கெட்ட சனியன்" என்றான் அவன், தரையில் தடவிக்கொண்டே.

சாலையைக் கடந்து, பாறை இல்லாத இடமாகப் பார்த்து இறக்கினார்கள். ஆமை மணலில் ஒரு நிமிஷம் சும்மா கிடந்தது. அது செத்துப்போகும் என்று சார் சொன்னது சரியாகவே இருக்கலாம் என்று பிலோமினா நினைத்தாள். புண் ஆறுமா, இரை எடுக்குமா, நாளைக்கே வேறொரு வலையில் விழுமா? எதையும் அவள் பார்க்கப் போவதில்லை. ஓர் அலை வந்து ஓட்டை நனைத்தது. ஆமை துடுப்பை ஊன்றி நகர்ந்தது. அடுத்த அலையில் காணவில்லை.

"இனி நீ ஆமைக்கறி வாயில வைக்கப்படாது" என்றார் மாமா.

"வைக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுல மணக்கும்."

"மணக்கட்டும்."

வீட்டில் அல்போன்சா அன்றைக்கு அடிக்காத குறை. "மாதாவுக்கு நேர ஒனக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியாளா? ஒரு மெழுகுதிரி போதாதா?" என்று இரவுச் சோறு போடுமட்டும் திட்டினாள். பிறகு, "அந்த உப்பளத்துப் பிள்ளை எப்படி இருக்காளாம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் வெகுநாள் பிலோமினாவோடு இருந்தது.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குப் பிலோமினா நிலையத்தின் வாசலில் நின்றாள். சார் வராந்தாவில் இருந்தார்.

"உனக்குச் சர்டிபிகேட் கிடையாதுன்னு சொன்னேன்லா?"

"சொன்னீங்க சார்."

"பின்ன எதுக்கு வந்த?"

"மாசக் கடைசி வரைக்கும் பயிற்சி இருக்குல்லா? களவா மீனுக்கு இரை போடணும்."

"அதுக்கு ஜெபசிங் இருக்கான்."

"அவன் சாளையை முள்ளோட வெட்டிப் போடுதான் சார். போன வாரம் ஒண்ணு தொண்டையில சிக்கி நின்னுட்டு."

சார் வழியை விட்டு நகரவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், வாளியை எடுத்து, கத்தியைக் கழுவினாள்.