அருந்ததி எழுத மறுத்த திகதி

மானிப்பாயில் ஒரு வங்கிக் கிளையில் கடன் மேசையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். ஆளைப் பார்த்தவுடனேயே இவர் ஒழுங்காகக் கட்டுவார், இவர் கட்டாமல் காய் வெட்டுவார் என்று சொல்லிவிடுவேன். சில தடவை என் கணிப்புப் பிழைத்தும் இருக்கிறது. ஆனால் அருந்ததி விஷயத்தில் பிழைக்கவில்லை.

அவளுக்குப் பிரதேச சபையில் கிளாக்கர் வேலை. தகப்பன் மேசன். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த மனுசனால் சொந்தப் பெட்டைக்குச் சீதன வீடு கொடுக்க முடியவில்லை. அவள் ஒருவரையும் நொந்துகொள்ளவில்லை. எங்களிடம் வீட்டுக் கடன் எடுத்து, கொக்குவிலில் றெயில் பாதைக்குக் கிட்ட மூன்று அறையோடு ஒரு வீட்டைக் கட்டினாள். தன் சம்பளத்தில் தனக்கே சீதனம் கொடுத்த பிள்ளை. புருசன் பிரவீணன் தண்ணி மோட்டர் திருத்துகிறவன். நல்ல பொடியன், பேச்சுக் குறைவு.

இரண்டு வருடத்துக்கு முன்னம் ஒருநாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிரசவ லீவு நீளும், பிற்பாதியில் அரைச் சம்பளம்தான் வரும், ஆறு மாதம் தவணை கட்டாமல் விடலாமோ என்று கேட்டாள். விடலாம், அதற்கென்று படிவம் இருக்கிறது. ‘எதிர்பார்க்கும் பிள்ளைப்பேற்றுத் திகதி’ என்ற இடத்தில் அச்சடித்த மாதிரி எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டுத் தாளைத் தூக்கி ஒருதரம் பார்த்துச் சிரித்தாள்.

எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது.

ஐந்தாறு கிழமை கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தவணையை வரும் மாதமே திரும்பத் தொடங்கச் சொன்னாள்.

“ஆறு மாதம் தந்தது தந்ததுதான் பிள்ளை. அது கிடக்கட்டும்” என்றேன்.

“வேண்டாம் றோஸ் அக்கா. அது பிள்ளைக்கெண்டு கேட்டது.”

கோப்பை எடுத்து வரும் மாதத்தைக் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தவணை பிந்தவில்லை. அப்படிப்பட்டவளின் கணக்கில் இந்த வருடம் இரண்டு மாதம் தொடர்ந்து பணம் இல்லை. சம்பளமே வந்து விழவில்லை. போன் எடுத்தால், “கொஞ்சம் கஷ்டம் அக்கா, கட்டிவிடுவன்” என்று சொல்லி வைத்துவிடுவாள். மூன்றாவதும் தவறினால் கோப்பு என் கையை விட்டுப் போய்விடும். பிறகு வக்கீல் கடிதம், ஏலம் என்று நீளும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கஷ்டமென்றால் வந்து சொன்னால் என்ன? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்குப் போனேன். நல்லாய் ஏசவேண்டும் என்றுதான் போனேன்.

பிரவீணன் கேற்றைப் பாதி திறந்தபடி நின்றான். “அவவுக்கு நாரிப் பிடிப்பு அக்கா, இடுப்பை அசைக்க ஏலாமல் படுத்திருக்கிறா.”

“நாரிப் பிடிப்பிலை ஆரும் கண் தெரியாமல் போறேல்லைத் தம்பி. என்னைப் பாக்கலாம்” என்று உள்ளே போனேன்.

கட்டிலில் கிடந்தாள். போர்வைக்கு மேலாலேயே தெரிந்தது. ஏழு மாதம். ஐந்தாம் மாதத்திலேயே டொக்டர் எழும்பக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இருந்த லீவெல்லாம் முடிந்து இப்போது சம்பளமில்லா லீவு. பிரவீணன் உழைப்பது மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரி. அயலுக்கெல்லாம் நாரிப் பிடிப்பு என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை? ஒரு படிவம்தானே!” என்று பையிலிருந்து எடுத்தேன். சந்தேகத்தில் எல்லாப் படிவத்திலும் ஒவ்வொன்று கொண்டுபோயிருந்தேன்.

அவள் கையை நீட்டவில்லை. “திகதி எழுத வேணுமே அக்கா?”

“ஓம்.”

“நான் எழுதமாட்டன். போனமுறை எழுதினனான்.”

நான் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. நாவூறு, கண்ணூறு ஒன்றும் என்னிடம் எடுபடாது. படித்த பெட்டை, அரசாங்க உத்தியோகம், ஒரு திகதி எழுதினால் பிள்ளை செத்துப்போகுமா என்று கேட்க வாய் உன்னியது. “சரி, நான் எழுதுறன். நீ கையெழுத்தை மட்டும் போடு” என்று பேனையைத் திறந்தேன்.

படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நல்ல இறுக்கம். “நீங்களும் எழுதாதேங்கோ அக்கா. வீடு போனாலும் பரவாயில்லை. எழுதாதேங்கோ.”

அந்த வீட்டுக்காக இரண்டு சீலையோடு வருடத்தை ஓட்டியவள் சொல்கிற சொல்லா அது? அந்தப் பிடியில் என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. இவளுக்குப் புத்தி சொல்ல நான் ஆர்?

பையைக் கிண்டினேன். நோயாளிகளுக்கென்று இன்னொரு படிவம் இருக்கிறது. அதில் பிள்ளையும் கேட்பதில்லை, திகதியும் கேட்பதில்லை. டொக்டரின் கடிதம் போதும். ஆனால் ஆறு மாதம் இல்லை, மூன்றே மாதம். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் மற்றப் படிவத்தை நிரப்பத்தான் வேண்டும். சொன்னேன். மூன்று மாதம் போதுமென்று கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் மாதம் முழுக்கக் கலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் எடுக்கப் பயம். எடுக்காமல் இருக்கவும் ஏலாது. பிரவீணனின் பெயர் போனில் வந்தால் இரண்டு மூன்று மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். ஒருநாள் அவன் வங்கி எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேட்க எடுத்ததற்கு அவனை ஏசியும்விட்டேன். பாவம். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை, எனக்கும் எடுக்கத் துணிவு வரவில்லை.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அருந்ததி மெல்ல இறங்கி வந்து கதிரையில் இருந்தாள். வயிறு இல்லை. கையிலும் ஒன்றும் இல்லை.

“அம்மாவோடை விட்டிட்டு வந்தனான் அக்கா. அரை மணித்தியாலத்திலை பாலுக்குக் கத்துவா” என்றாள்.

கர்த்தரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மறைக்க ஏசினேன். “பெத்த துடக்கு முப்பத்தொரு நாளும் கழிய முதல் ஏனடி வெளிக்கிட்டனி? படிவத்தைத் தம்பியிட்டைக் குடுத்துவிட்டிருப்பனே!”

“இருபத்தேழு நாள்தான். அம்மாவும் ஏசினவ. நான்தான் எழுத வேணும் எண்டு வந்தனான். தாங்கோ.”

கொடுத்தேன். ‘எதிர்பார்க்கும்’ என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுத் திகதியை எழுதினாள். பிறகு நிமிர்ந்து, “நேரமும் எழுதட்டோ அக்கா?” என்று கேட்டாள்.

நேரத்துக்கு அதில் இடமில்லை. “எழுது பிள்ளை” என்றேன்.

காலை ஆறு பத்து என்று எழுதினாள். பெண் என்று எழுதினாள். நிறை, இரண்டு கிலோ முந்நூறு. நட்சத்திரம் எழுதினாள். முப்பத்தோராம் நாள் வைக்கப்போகும் பெயரையும் ஓரத்தில் எழுதினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டார்கள்.

படிவத்தை மனேச்சரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். “என்ன றோஸ் இது? நிறையும் நட்சத்திரமும் எங்களுக்கு என்னத்துக்கு?”

“அது கிடக்கட்டும் சேர். கையெழுத்தைப் போடுங்கோ.”

போட இடம் தேடினார். முன்பக்கத்தில் ஒரு விரல் அகலமும் மிச்சம் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் போட்டார்.