வேட்டைக்காரர் உடுப்பில் ஜ்வாலா நரசிம்மர் மலைக்கு

2002-இல் என் மகள் பிரசவ வலியோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, தாயும் குழந்தையும் நல்லபடியாகப் பிழைத்து வந்தால் அஹோபிலத்தில் ஜ்வாலா நரசிம்மருக்கு என் கையாலேயே பானகம் கரைத்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பேத்தி பிறந்தாள். அடுத்த வருஷமே கணவரோடு புறப்பட்டுப் போனேன். சந்நிதிக்கு இன்னும் ஐம்பது அடிதான் இருக்கும். அருவி தெறிக்கிற பாறை விளிம்பில் என் புடவை முழுக்க நனைந்து, காலோடு சுற்றிக்கொண்டு, விழுந்துவிட்டேன். வெல்லப் பொட்டலம் பள்ளத்தில் போயிற்று. கணவர் பயந்துபோய்ப் பிடிவாதமாக என்னைக் கீழே இறக்கிவிட்டார். பானகம் பாக்கி நின்றுவிட்டது.

அதன் பிறகு ஐந்து வருஷம் ஏதேதோ காரணத்தால் தள்ளிப் போயிற்று. போன வருஷம் முழங்கால் டாக்டர், இன்னும் இரண்டு வருஷம் போனால் மலை என்ற பேச்சே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்த 2008 கார்த்திகையில், நரசிம்மரின் ஸ்வாதி நட்சத்திரத்துக்கு முந்தைய நாள் கிளம்பினோம். கணவருக்கு மூச்சிரைப்பு, வரவில்லை. துணைக்கு வந்தவர் என் சம்பந்தி கோமளம் மாமி. என் பேத்தி அவருக்கும் பேத்திதானே.

இனி உடுப்பு விஷயம். போன தடவை என்னைக் கவிழ்த்தது புடவைதான் என்று அமெரிக்காவில் இருக்கும் என் தமக்கை மகனிடம் புலம்பியிருந்தேன். அவன் ஒரு நிஜாரும் ஒரு மேல்சட்டையும் அனுப்பிவைத்தான். இலையும் சுள்ளியுமாக அச்சடித்த துணி. காட்டுக்குள் போனால் ஆளே தெரியாது. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நிஜார் 310 கிராம், சட்டை 400 கிராம். கழுத்துப் பட்டியில் கொம்பு வைத்த மான் படம். நம்மூர்த் தீப்பெட்டியில் இல்லாத மிருகமா என்று முதலில் அதை விட்டுவிட்டேன். பிறகு கீழே இருந்த எழுத்தைக் கூட்டி, அகராதியில் பார்த்தபோதுதான் வேட்டைக்குப் போகிறவர்கள் போடுகிற உடுப்பு என்று தெரிந்தது. கேட்டால், "சித்தி, லேசா இருக்கு, கிழியாது, சீக்கிரம் காயும்னு கடைக்காரன் போட்டிருந்தான், வாங்கிட்டேன்" என்கிறான்.

பெருமாளைப் பார்க்க வேட்டைக்காரன் துணியிலா என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. கடைசியில், வழிக்குத்தானே, சந்நிதிக்கு முன்னால் புடவை சுற்றிக்கொண்டால் போயிற்று என்று தீர்மானித்தேன்.

பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கும் தயாளனிடம் துணியைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "இன்னாமா இது, தழை தழையா போட்டுக்கினு? ஆனா கெட்டிக்காரன்மா நெஞ்சவன். பாருங்க, கொஞ்ச இழைக்கு ஒருக்கா தடி இழை வுட்டு கட்டம் கட்டமா பூட்டிக்கீறான். முள்ளு மாட்னா அந்தக் கட்டத்தோட நின்னுரும், ஓடாது. தையல்தான் சந்தேகமா இருக்குது" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுத் துணியை அப்படியே உடுத்துகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாதே. மூன்று தண்ணீர் அலசி, சட்டைக்கு மட்டும் நல்ல கெட்டியாகச் சாதக் கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரியும் போட்டேன். சட்டை அப்பளம்போல் விறைத்து நின்றது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. என்ன செய்துவைத்தேன் என்பது மலையில் தெரிந்தது.

காலை 5.10-க்குக் காஞ்சிபுரத்தில் திருப்பதி பஸ். டிக்கெட் 40 ரூபாய். 8.30-க்குத் திருப்பதி. அங்கிருந்து கடப்பாவுக்கு 140 கிலோமீட்டர், 72 ரூபாய், ஒரு மணிக்கு இறங்கினோம். கோமளம் மாமி ஓட்டலில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஆகையால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே கட்டுச்சாதம். 1.30 பஸ்ஸில் ஆள்ளகட்டா, 40 ரூபாய், இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து கீழ் அஹோபிலம் ஒரு மணி நேரம், 16 ரூபாய். சத்திரத்தில் அறை 150 ரூபாய். வெந்நீர் கிடையாது, கேட்டும் பயனில்லை.

மறுநாள் காலை 6.30 பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர் மேலே, மேல் அஹோபிலம். அங்கே பெருமாளைச் சேவித்துவிட்டு 8 மணிக்கு நடக்கத் தொடங்கினோம். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். எங்களுக்கு வந்தவர் ஓபுலேசு, முப்பத்தைந்து வயதிருக்கும், 250 ரூபாய் பேசினோம். அந்தக் காட்டுச் செஞ்சு இனத்தவர். நரசிம்மப் பெருமாள் கல்யாணம் செய்துகொண்டது செஞ்சு வீட்டுப் பெண்ணை என்பதால், சுவாமியைப் பற்றி உறவுக்காரர் மாதிரி உரிமையோடு பேசுவார். யாத்திரைக்காரர்களிடம் பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே வருகிறது.

நான் நிஜார், என் மகளின் பழைய குர்த்தா, மேலே சட்டை. கோமளம் மாமி ஒன்பது கஜப் பருத்திப் புடவையில் மடிசார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்ன மாமி, பந்தல் கால்ல கட்டற மாவிலை மாதிரி வந்து நிக்கறேள்?"

"சிரிங்கோ, சிரிங்கோ. அருவிகிட்ட பார்ப்போம்."

"எங்க கொள்ளுப்பாட்டி காலத்துலேர்ந்து மடிசார் கட்டிண்டுதான் மலை ஏறியிருக்கா. ரெண்டு காலும் தனித்தனியா இருக்கு. இதுக்கு மேல நிஜார் எதுக்கு?"

அதில் நியாயம் இருந்தது.

முதல் ஒரு கிலோமீட்டர் பவநாசினி ஆற்றோரம், உருண்டைக் கற்கள். நான் நடக்க நடக்கக் கஞ்சி போட்ட சட்டை சரக் சரக்கென்று சத்தம் போட்டது. ஓபுலேசு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இது வேட்டைச் சட்டைதானே? இந்தச் சத்தத்துக்கு முயலெல்லாம் கர்னூலுக்கு பஸ் ஏறியிருக்கும்."

அடுத்து முட்புதர். இங்கே தயாளன் சொன்னது அப்படியே பலித்தது. நிஜாரில் நாலைந்து இடத்தில் முள் மாட்டியது. இழுத்தால் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான், கிழிசல் இல்லை. கோமளம் மாமியின் புடவையில் மூன்று இடத்தில் கிழிசல், ஒன்று முழ நீளம். பெரிய பாறை ஒன்றில் உட்கார்ந்து சறுக்கி இறங்க வேண்டியிருந்தது. அதில் என் நிஜாரின் உள்தொடைத் தையல் நாலு விரற்கடை விட்டுப் போயிற்று. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் விட்டது. ஊசி நூல் கொண்டுபோயிருந்தேன், மாமி மறைத்துக்கொள்ள அங்கேயே தைத்தேன். தைத்து முடியும்வரை அவர் சிரிப்பை அடக்கவே இல்லை.

வேர்வை விஷயமும் சொல்ல வேண்டும். 9.30 வெயிலில் நிஜார் பரவாயில்லை, காற்று புகுந்தது. சட்டைக்குள் புழுங்கித் தீர்ந்தேன். துணியின் கண்களைக் கஞ்சி அடைத்துவிட்டது, வேறென்ன.

10.15-க்கு அந்த விளிம்புக்கு வந்தோம். இரண்டடி அகலம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், மேலிருந்து அருவி. இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பொட்டலம் விழுந்த இடம் கண்ணில் பட்டது. ஓபுலேசு முன்னால், நான் நடுவில், மாமி பின்னால். முப்பது காலடி தூரம் இருக்கலாம். நிஜாரில் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிற்று, காலில் எதுவும் சுற்றவில்லை. சட்டை கதையே வேறு. தண்ணீர் நிற்காத துணி என்று தமக்கை மகன் சொல்லியிருந்தான். நாலே எட்டில் ஊறி, கஞ்சி கரைந்து, சாதம் வடித்த பானைபோல் கொழகொழவென்று என் மேல் ஒட்டிக்கொண்டது. பின்னால் கோமளம் மாமியின் புடவை தண்ணீரைக் குடித்துக் கனத்து, அவர் நடுவழியில் நின்றுவிட்டார்.

"என்னால முடியலை மாமி. நீங்க போங்கோ."

"என் நிஜார் இடுப்புப் பட்டியைப் பிடிச்சுக்கோங்கோ. கீழே பார்க்காதேள். பேத்தி பேரைச் சொல்லிண்டே வாங்கோ."

பிடித்துக்கொண்டார். வேதா, வேதா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்னையும் அவரையும் சேர்த்து இழுத்தும் அந்தப் பட்டி அசையவில்லை.

சந்நிதி வாசலில் பாறை ஓரமாக நின்று சட்டையைக் கழற்றினேன். அதன் முதுகுப்புறம் அடியில் அகலமாக ஒரு பை உண்டு, இரண்டு பக்கமும் கை விட வழி, உள்ளே ரப்பர் பூச்சு. வீட்டில் பார்த்தபோதே, சாமான் வைக்கத்தான் இவ்வளவு வசதி என்று சந்தோஷப்பட்டு, உடுத்த வேண்டிய புடவை, மஞ்சள் துணியில் முடிந்த வெல்லம், சுக்கு, ஏலக்காய், சின்னப் பாத்திரம் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தேன். சட்டை முழுக்கச் சொட்டுகிறது, பைக்குள் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெல்லம் உலர்ந்தபடி இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த ஓபுலேசு வெள்ளையாகச் சொன்னார். "அட, கௌதாரிப் பையில வெல்லம்! எங்க தாத்தாகிட்ட இதே மாதிரி தோல் பை இருந்திச்சும்மா. சுட்ட பறவையைப் போடறதுக்கு. ரத்தம் முதுகுல எறங்கக் கூடாதுன்னுதான் உள்ள ரப்பர்."

என் கையில் வெல்ல முடிச்சு. செத்த பறவை வைக்கிற பையில் பெருமாளுக்கு உள்ளதைக் கொண்டுவந்திருக்கிறேன். பை புதிது, எந்தப் பறவையும் அதில் கிடந்ததில்லை, அது புத்திக்குத் தெரிகிறது. கை முடிச்சை அவிழ்க்க மாட்டேன் என்கிறது.

"கீழே போய் வேற வெல்லம் வாங்கிண்டு வரலாம்" என்றேன். எனக்கே தெரியும், இறங்கினால் இந்த முழங்கால் மறுபடி ஏறாது.

ஓபுலேசுக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் சும்மா சொன்னேம்மா. சாமி எங்க வீட்டு மாப்பிள்ளை. மாமனார் வீட்டுல அவர் பார்க்காத வேட்டைப் பையா? அதுலேர்ந்து எடுத்துக் குடுத்துத்தானே சாப்பிட்டிருப்பார்."

நான் கோமளம் மாமியைப் பார்த்தேன். ஓட்டல் தண்ணீர் தொடாதவர். அவர் கூடாது என்று சொல்லிவிட்டால் அப்படியே திரும்பியிருப்பேன், சத்தியமாக. மாமி நனைந்த தலைப்பைப் பிழிந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து முடிச்சை வாங்கினார். அவிழ்த்தார். வெல்லத்தைப் பாத்திரத்தில் போட்டார்.

"இப்போ நானும் தொட்டாச்சு. தோஷம் இருந்தா ஆளுக்குப் பாதி. புடவையைச் சுத்திண்டு வந்து கரைங்கோ, என் கையால இல்லை, உங்க கையாலன்னுதானே வேண்டிண்டேள்?"

நிஜாரின் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டேன். பக்கத்துச் சுனையில் தண்ணீர் எடுத்து, வெல்லத்தைக் கையாலேயே நசுக்கிக் கரைத்தேன். சுக்கும் ஏலக்காயும் போட்டேன். அர்ச்சகர் வாங்கி வைத்தார். பிரசாதமாகத் திரும்பி வந்ததில் ஓபுலேசு மூன்று தம்ளர் குடித்தார்.

இறங்கும்போது நிஜார் முக்கால் மணியில் காய்ந்துவிட்டது. மாமியின் புடவை மதியம் 3 மணிக்கு நாங்கள் மேல் அஹோபிலம் வந்தபோதும் ஈரம்தான். அறைக்கு வந்ததும் மாமி நிஜாரை எடுத்து முழங்கால் இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்ந்தது தெரியவில்லை. அப்படியே மடித்து வைத்தார்.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் தோன்றுவது இது. இந்த மாதிரி லேசான வேட்டை உடுப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், முள்ளுக்கும் பாறைக்கும் அசையாது. ஆனால் போடுமுன் கால் இடுக்குத் தையலை மெழுகு நூலால் ஒரு வரிசை கூடுதலாகத் தைத்துவிடுங்கள். கஞ்சி கூடவே கூடாது. சூடான இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். தமக்கை மகனிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான். மூன்று தடவை அலசியும் சட்டையில் தண்ணீர் நிற்காத குணம் பாதிதான் திரும்பியிருக்கிறது. புடவை சுற்றிக்கொள்ள ஒரு மறைவிடம் மேலே உண்டு, ஆனால் ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். காலை 8 மணிக்குப் பிறகு கிளம்பாதீர்கள். மழை பெய்த மறுநாள் அந்த விளிம்புக்குப் போகவே வேண்டாம், எந்த உடுப்பானாலும் சரி. இரண்டு பேருக்குப் போக வர, தங்க, வழிகாட்டிக்கு எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய்க்குள் அடங்கியது. சாப்பாடு வீட்டிலிருந்து.

பிறகு ஒன்று. பானகம் பாக்கி நின்ற நாளிலிருந்து மாதா மாதம் ஸ்வாதியன்று எங்கள் ஊர் நரசிம்மர் கோயிலுக்குப் போவேன். சந்நிதியில் நின்று, இன்னும் வரவில்லை, மன்னிக்கணும், அடுத்த வருஷம் கட்டாயம் என்று தவணை கேட்டுவிட்டு வருவேன். இந்த மாதம் ஸ்வாதி அன்றும் பெருமாள் முன்னால் போய் நின்றேன். வழக்கமான பேச்சுக்கு வாய் திறந்தேன், சொல்ல ஒன்றும் இல்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு, பேசாமல் சேவித்துக்கொண்டே நின்றேன். நடை சாத்தப் போகிறோம் என்று அர்ச்சகர் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.