இரண்டு டம்ளர் பச்சைப்பயறு

ஜன்னலோரம் மகள் பள்ளிக்கூடத்துக்காகப் பஞ்சில் ஊறவைத்த பச்சைப்பயறு புளித்து வாடையடிக்கிறது. ஈரப் பஞ்சின் அந்த வாடை என்னை வில்லாபுரத்து வீட்டு அடுப்படிக்குள் தள்ளிவிட்டது.

நானும் ஸ்டெல்லாவும் இரட்டைப் பிள்ளைகள். ஏழாம் வகுப்பில் இதே சோதனையைச் செய்தோம். ஒரு டம்ளர் வெயிலில், இன்னொன்று அலமாரி இருட்டில். வெளிச்சம் மட்டும்தான் மாறவேண்டும். பயறும் பஞ்சும் தண்ணீரும் மாறக்கூடாது. அப்போதுதான் வளர்த்தி எதனால் மாறியது என்று சொல்லமுடியும். ஸ்டெல்லாவோ, இருட்டில் வெளிறிக் கிடந்த டம்ளருக்கு எனக்குத் தெரியாமல் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். முளை அழுகிவிட்டது.

"வெளிச்சம் இல்லாமயா, தண்ணி கூடிப்போயா? எதுன்னுடி எழுதுறது?" என்று கத்தினேன்.

"பாவமா இருந்துச்சுடி" என்றாள்.

அந்த வாரமே, பிள்ளையில்லாத பேரையூர் அத்தை எங்களில் ஒருத்தியைக் கேட்டு வந்தாள். அப்பா ஸ்டெல்லாவைக் கொடுத்தார். "இடம்தான மாறுது, மத்ததெல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஒன்றாக இல்லை. அங்கே அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றது, பருத்திக்காடு வந்தது, பதினெட்டு ஆகுமுன்னே கல்யாணமும் வந்தது. போன மாதம் அவள் குழியில் மண் தள்ளிவிட்டு வந்தேன். எது அவளை வாட்டியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

அத்தை அவளைக் கூட்டிப்போன அன்று பஸ் கிளம்பும்போது, ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மறுபடி பயறு போடுடி. இனிமே அளவு தப்பாது. கூட ஊத்த நான்தான் இல்லையே."