எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு

அற்புதம் சிஸ்டர் போய்விட்டார் என்று டெல்லி துவாரகாவில் அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூவருமே, நான் கேட்காமலே, அவருக்கு என்ன நோய் என்று சொன்னார்கள். பெற்ற மகனிடமே அவர் கடைசி வாரத்தில்தான் சொன்னாராம். சே, என்ன ஜனங்கள் நாம்!

நோயாளிகளின் கோப்புகள் இருந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. பாளையங்கோட்டைக்காரர். நம் மதுரை டாக்டரின் மனைவி வந்து யாரோ ஒருவரின் கோப்பைக் கேட்டபோது, "நீங்க மருந்து குடுக்கப் போறியளா? அப்பம் எதுக்கு?" என்று அலமாரியைப் பூட்டியவர். டெல்லித் தமிழர்களே, உங்களில் பலரும் அந்தக் கேள்வியை வாங்கியிருப்பீர்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் பிரிவு என்னுடையது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும் என்று சிஸ்டர் மன்றாடினார். "வேலை ஜல்தி முடியணும் சிஸ்டர்" என்று எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்தேன். அதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியதும் நான்தான்.

தமிழ்ப் பெயரைக் கண்டால் டெல்லியில் நமக்குக் கால் நிற்காதே! எந்த ஊர் என்று விசாரித்து, ரசம் சாதத்தோடு போய் நிற்போம். அப்படி ஒருநாள் திரையில், லோதி ரோடு விலாசத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரைப் பார்த்தேன். வலிப்புக்கு மாத்திரை வாங்குகிறாள். வீட்டில் சொன்னேன். என் மனைவி நல்ல மனதோடு ரசம் எடுத்துப்போய், மாமியார் எதிரிலேயே, "வலிப்பு இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வாரமே பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையைத் தரவில்லை.

"அந்தப் பிள்ள என் கையப் பிடிச்சு அழுதுச்சு சார். யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்" என்றார் சிஸ்டர். விசாரணை வந்தது. நான் வாய் திறக்கவில்லை. பொறுப்பாளர் என்று அவரைத்தான் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பார்த்தது நான் என்று அவருக்குத் தெரியும். கடைசிவரை யாரிடமும் அவர் சொல்லவில்லை. பாவி நான், அதையும் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் நம் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தார். திரையில் அவர் பெயர் வந்தது. நான் திறக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, திறக்காத அந்த ஒரு பக்கம்தான்.

மற்றவர்கள் திறந்தார்கள். மானிட்டரில் இன்னமும் என் கையெழுத்தில் அதே தாள்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. இத்தனை வருடத்தில் நான் மாற்றவில்லை.