ஐநூறாவது யூனிட்

சின்னராஜ் பதினேழு வயதில், ஆழ்குழாய்க் கிணறு போடும் போர்வண்டியில் ஏறினான். எலச்சிபாளையம் பக்கத்தில் அப்போது அது பெரிய வேலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வண்டி போன ஊருக்கெல்லாம் போய் இருபத்து நான்கு வருடம் பாறையைத் துளைத்தான். தண்ணீர் கண்ணில் படும்வரை குழியிலிருந்து வெள்ளைப் புழுதிதான் வரும். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அதற்கு நடுவே நிற்பான். யார் யார் காட்டுக்கோ தண்ணீர் வந்தது, புழுதி மட்டும் அவன் நெஞ்சோடு ஊருக்கு வந்து சேர்ந்தது.

முதலில் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை தின்ற பிறகு, அது இல்லை, கல்தூசி நுரையீரலை இறுக்கிவிட்டது என்றார்கள். ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது மூக்கில் குழாய் இருக்கவேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். பழைய வண்டி ஆட்கள் சேர்ந்து மெஷினை வாங்கிக் கொடுத்தார்கள். நல்லவர்கள்தான். அதை ஓட்டுகிற கரண்டுக்கு யார் பொறுப்பு என்று அவர்களும் யோசிக்கவில்லை, டாக்டரும் யோசிக்கவில்லை.

அந்தப் பொறுப்பு அவன் மனைவி மஞ்சுளா தலையில் விழுந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறாள். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். தெருமுனையிலேயே மெஷினின் இரைச்சல் கேட்டுவிடும். அது கேட்டதும்தான் அவள் நடையில் வேகம் குறையும்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்த வீடு இரைந்துகொண்டே தின்றது. போகப் போகக் குழாயைக் கழற்றினால் அரை மணி நேரம்கூட அவனுக்குத் தாங்கவில்லை, மெஷின் நாள் முழுக்க ஓடியது. அதுவும் மற்றதும் சேர்ந்து நாளைக்கு எட்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங். முதல் நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இந்தப் படிக்கணக்கில் சின்னராஜை யாரும் ஏமாற்ற முடியாது, ஏனென்றால் போர்வண்டிக்கும் இதே முறைதான். முந்நூறு அடி வரை அடிக்கு ஒரு விலை. அதற்குக் கீழே இறங்கினால், இறங்கிய அடிக்கு மட்டும்தான் கூடுதல். மேலே ஓட்டிய முந்நூறு அடியின் விலையை எந்த முதலாளியும் மாற்ற மாட்டான்.

"ஐநூறு தாண்டுனா என்ன புள்ள? தாண்டுன யூனிட்டுக்குத்தான் எச்சாக் கேப்பான். பயப்படாத" என்று சித்திரை வெயிலில் ஃபேனையும் சேர்த்து ஓடவிட்டான்.

அந்தத் தடவை ஐநூற்றுப் பன்னிரண்டு வந்தது. பில் அவன் போட்ட கணக்கைவிட இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறியிருந்தது. மஞ்சுளா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கரண்ட் ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "ஐநூறு தாண்டினா அந்தச் சலுகை கிடையாதும்மா" என்றார். எந்தச் சலுகை என்று அவள் கேட்டிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், நகர்ந்துவிட்டாள். கேட்ட சொல்லை அப்படியே கொண்டுவந்து புருஷனிடம் சேர்த்தாள்.

சின்னராஜ் அன்று முழுக்க அந்தப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் ஒரு கணக்கு முடித்து வைத்திருந்தான்.

"அடுத்த ஊட்டு ஆராயிக்கு மாசம் ஆயிரம் ஏன் கெடைக்கல? கரண்டு எச்சாப் போகுதுன்னுதானே மனுவத் தள்ளுனாங்க? அதுதான் புள்ள இது. இன்னொருக்கா தாண்டுனா உனக்கு வர்ற ஆயிரத்த நிறுத்திப்போடுவாங்க. ஒருக்கா பேர அடிச்சுட்டா அப்பறம் ஏறாது."

அரசாங்கம் தருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய். பண்ணைக் கூலி அவள் போன நாளுக்குத்தான். மாதம் பிறந்தால் கேட்காமல் வருவது அந்த ஆயிரம் ஒன்றுதான், அதில்தான் அவனுக்கு மாத்திரையும் உறிஞ்சுகிற மருந்தும். மஞ்சுளாவும் பயந்துபோனாள். படிக்காதவள் பயப்படுவதில் என்ன தப்பு? விவரம் தெரிந்தவர்கள் அரை வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிற ஊரில் மீதியைப் பயம்தான் சொல்லி முடிக்கிறது.

ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். டி.வி.யை நிறுத்தினார்கள். தினம் காலையில் மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்து, அதுவரை ஓடிய யூனிட்டை மஞ்சுளா சாக்பீசால் சுவரில் எழுதிவிட்டுப் போவாள். அவன் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனியில் பதினான்காம் தேதி ரீடிங் எடுக்கவேண்டும். அன்று காலை சுவரில் நானூற்று எழுபத்தாறு. தப்பித்தோம் என்றிருந்தாள். ஆனால் ரீடிங் எடுக்கிற காளிதாஸ் வரவில்லை, காய்ச்சலாம். மறுநாளும் வரவில்லை. பதினாறாம் தேதி காலை நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"கொஞ்ச நேரம் மெசின நிறுத்தி வெச்சா என்ன?" என்றான் சின்னராஜ்.

"பேசாம இருங்க. போனாப் போகுது ஆயிரம்."

"சரி சரி. நீ வேலைக்குப் போ. முட்ட காத்துக்கிட்டிருக்கும்" என்று சிரித்தான். அவன் சிரிப்பை நம்பித்தான் அவள் போனாள்.

மூன்று மணிக்குத் தெருமுனையில் திரும்பியபோது சத்தம் கேட்கவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். ஆராயி வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சுளா ஓடினாள்.

கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான். பனியன் வேர்வையில் ஊறிப்போயிருந்தது. ஃபேனையும் நிறுத்தியிருந்தான். மூக்குக் குழாயை, வண்டியில் வேலை முடிந்ததும் கயிற்றைச் சுற்றி வைப்பதுபோல் ஒழுங்காகச் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தான். உடம்பு சில்லிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. "ஆயிரம் ரூவாய்க்காடா, பாவி? ஆயிரம் ரூவாய்க்கா?" என்று அவள் அவன் நெஞ்சிலேயே அடித்தாள். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் அவனை அவள் டா போட்டது அன்றுதான்.

அவன் தம்பி சத்தீஸ்கரில் வண்டியோடு இருந்தான். அவன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டி எடுத்தார்கள். மெஷின் இருந்த பிளக்கில்தான் அதை மாட்டினார்கள். வாசலில் டியூப் லைட் கட்டினார்கள். மறுநாள் சாயங்காலம்தான் உடம்பை எடுக்க முடிந்தது.

பத்தொன்பதாம் தேதி காளிதாஸ் வந்தான். கலைந்த வாசலையும் மஞ்சுளாவின் முகத்தையும் பார்த்துத் தயங்கி நின்றான். அவள்தான் மீட்டரைக் கைகாட்டினாள்.

"ஐநூத்திப் பதினாலுங்கக்கா."

மஞ்சுளா சுவரில் இருந்த நானூற்றுத் தொண்ணூற்றிரண்டைப் பார்த்தாள். அவன் இல்லாத நாளில் ஓடியது இருபத்திரண்டு. பெட்டி தின்றது.

"தம்பி, ஐநூறு தாண்டிப்போச்சுங்களே. அந்த ஆயிரம் நின்னு போயிருமுங்களா?"

"எந்த ஆயிரம்? உரிமைத் தொகையா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கக்கா. அது வருசக் கணக்கு, மூவாயிரத்தி அறுநூறு யூனிட்டு. நீங்க அவ்வளவு ஓட்டலயே. இது என்னன்னா, ரெண்டாவது நூறு யூனிட்டுக்கு வெல கம்மியாப் போடுவாங்க. ஐநூறு தாண்டுனா அது மட்டும் இல்ல. மொத நூறு எப்பவும் போல இலவசந்தான். எல்லாஞ் சேந்து முந்நூறு, முந்நூத்தம்பது ரூவா எச்சா வரும். அவ்வளவுதானுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்கக்கா."

அவன் வெள்ளை அட்டையில் எண்ணைக் குறித்து நீட்டினான். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியது போலிருக்கிறது. "அடுத்த தடவ கொறஞ்சுருமுங்க" என்றான்.

"கொறையுமுங்க தம்பி. நா ஒருத்திதானே? இனி நூறுக்குள்ளதான் வரும். எனக்கு எல்லாமே இலவசந்தான்" என்று சொல்லி மஞ்சுளா அட்டையை வாங்கிக்கொண்டாள்.